ஆறு மணிக்கு நின்ற புளோயர்

1. பக்கெட் ஊர்வலம்

காலை எட்டரை மணிக்கு மகளிர் விடுதிப் பெண்கள் காலி பக்கெட்டுகளோடு வந்து நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் அப்போது எஸ்டேட் பிரிவுக் கண்காணிப்பாளர். கட்டடம், தண்ணீர், கரண்ட், தோட்டம் எல்லாம் என் தலையில். மூன்று நாள் முன்புதான் எஸ்.டி.பி.யில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்தம் செய்த தண்ணீரை விடுதிக் கழிப்பறைகளின் ஃபிளஷ் தொட்டிகளுக்குத் திருப்பியிருந்தோம். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, லட்டு கொடுத்தோம். லாரித் தண்ணீர் வந்த பழைய லைனை அன்றைக்கே கழற்றியும் விட்டோம்.

"மேடம், ஒரு வாட்டி உள்ள வந்து மோந்து பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் முன்வரிசையில் இருந்தவள்.

போனேன். அழுகின முட்டை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

துணைவேந்தர் அறைக்குள் நுழைந்ததுமே தீர்ப்பு வந்துவிட்டது. "பிளாண்ட்ட இழுத்து மூடுங்க மேடம். பழையபடி லாரி தண்ணியே வரட்டும். அந்த ஆபரேட்டர இன்னைக்கே அனுப்பிடுங்க."

ஆபரேட்டர் இலியாஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வருகிற ஒப்பந்த ஊழியர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். "ராத்திரில காத்து இல்ல மேடம். தொட்டில இருக்கிற கிருமிங்கதான் தண்ணிய சுத்தம் பண்ணுது. மூச்சு முட்டி எல்லாம் செத்துப் போயிக்கினு இருக்குது" என்றார்.

"சாக்கு சொல்லாதீங்க இலியாஸ்."

அவர் கேட் பாஸைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பழைய லைனை மறுபடி பூட்ட இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்கள் மூன்று மாடிக்குத் தண்ணீர் சுமந்தார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2. லாக் புக்

சில வருடம் பிளாண்ட்டில் எருக்கஞ்செடி முளைத்தது. பிறகு வந்த புதுத் துணைவேந்தர் ஒரு பெண்மணி. கோடையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "அது ஏன் மூடிக் கிடக்குது? ரிப்போர்ட் குடுங்க" என்றார்.

பூட்டை உடைத்து உள்ளே போனேன். ஆணியில் லாக் புக் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்து நாள் பக்கங்களில் இலியாஸின் குண்டுக் கையெழுத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: "மாலை 6. புளோயர் ஆஃப். எஸ்டேட் சர்க்குலர்படி."

புளோயர் என்பது தொட்டிக்குள் காற்றடிக்கிற மிஷின். இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டியது. சர்க்குலர் என் சர்க்குலர். மின்சாரச் சிக்கனம் என்று சொல்லி, மாலை ஆறுக்குமேல் வளாகத்தின் எல்லா மோட்டார்களையும் நிறுத்தச் சொல்லி நானே டைப் செய்து கையெழுத்துப் போட்டது. அதற்காக ஒரு மீட்டிங்கில் கைதட்டலும் வாங்கியிருந்தேன். ஒரே மேஜையிலிருந்து போன இரண்டு நல்ல காரியங்களில் ஒன்று மற்றதைக் கொன்றிருக்கிறது. வேலை போனது மட்டும் இலியாஸுக்கு.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. வேறு யாரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை. கிழிக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு இலியாஸைத் தேடிப் போனேன்.

இலியாஸ் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். தவிட்டுத் தூசியோடு வெளியே வந்தவரிடம் லாக் புக்கை நீட்டினேன்.

"தப்பு என்னோடது இலியாஸ். நீங்க சொன்னத நான் காதுலயே போட்டுக்கல."

"அது எனக்கு அப்பவே தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"காத்து இல்லன்னு சொன்னேனே. உங்க சர்க்குலராலதான்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வர்ல."

திரும்ப வருவாரா என்று கேட்டேன். "வரேன். ஆனா கூட இன்னொரு ஆள் போடுங்க. எனக்கு ஒரு ஜுரம் வந்தாலும் அது ஓடணும்."

3. முதலில் யார் பாத்ரூம்?

துணைவேந்தரிடம் ரிப்போர்ட்டோடு சர்க்குலரின் நகலையும் வைத்தேன். மெமோ வரும், பென்ஷன் வரைக்கும் துரத்தும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் இரண்டையும் படித்தார். "அந்த ஆளத் திரும்ப எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். இலியாஸை வேலையில் சேர்க்கும் உத்தரவில் அப்போதே கையெழுத்துப் போட்டார். எனக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

"ஆண்டு விழாவுக்கு முழு கேம்பஸுக்கும் திறந்திடலாமா?" என்றார் அடுத்து.

"வேண்டாம் மேடம். முதல்ல இந்த பில்டிங் மட்டும். உங்க பாத்ரூம்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

தலையைத் தூக்கிப் பார்த்தார். "என் பாத்ரூமா?"

"நாறுச்சுன்னா உங்களுக்கு முதல்ல தெரியணும் மேடம். போன தடவ பொண்ணுங்க பக்கெட் தூக்குனப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சுது. இன்னொண்ணு, பழைய லைன கழட்டக் கூடாது."

ஐயம்பேட்டையில் என் வீட்டில் தறி ஓடுகிறது. பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடியப்போகும்போது என் கணவர் அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதுசு பூட்ட மாட்டார். கடைசியில் கொஞ்சம் விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழைகள், உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும். காலங்காலமாக இதைச் செய்கிற வீட்டிலிருந்து வந்துகொண்டே, ஆபீஸில் பழைய பைப்பை ஒரே நாளில் கழற்றி எறிந்தவள் நான். என்னை என்ன சொல்வது?

துணைவேந்தர் சிரித்துவிட்டு, "சரி, என் பாத்ரூம்தான் மாட்டுச்சா" என்றார்.

ஐந்தாம் நாள் காலை அவரே போன் செய்தார். "லேசா வாசன வருது." இலியாஸ் வால்வைத் திருப்பிப் பழைய லைனுக்கு மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புளோயரின் பெல்ட் தளர்ந்திருந்தது. மாற்றினார். இரண்டு நாள் விட்டுத் திரும்பவும் திறந்தோம். ஊர்வலம் இல்லை, லாரி இல்லை, யாருக்கும் வேலை போகவில்லை. அன்று மதியம் கேன்டீனில் நானும் இலியாஸும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

அப்புறம் ஆசிரியர் குடியிருப்பு, அப்புறம் ஆண்கள் விடுதி. மகளிர் விடுதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன், பயம்தான். ஒருநாள் விடுதிச் செயலாளர் பெண் என் அறைக்கே வந்தாள். "எங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் லாரி தண்ணி? தினம் பாட்டில்ல பிடிச்சு நாங்களே மோந்து பார்த்துக்கறோம் மேடம்." அப்படியே ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மூக்குக் கமிட்டி.

4. யாரும்மா நீங்க?

ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே என் இடத்துக்கு ஆளைக் கேட்டு வாங்கினேன். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். இலியாஸும் அன்று கேட்டபடி தன்னோடு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார். அதே வருடம் துணைவேந்தரும் மாறினார். முதல் கோடை முழுக்க, போன் அடித்தாலே பிளாண்ட்தான் நின்றுபோச்சோ என்று எனக்குத் திக்கென்றது. ஒரு தடவையும் அந்தப் போன் வரவில்லை.

போன மாதம் பென்ஷன் பேப்பர் வேலையாகப் போனபோது மனசு கேட்காமல் பிளாண்ட் பக்கம் நடந்தேன். எருக்கஞ்செடி இல்லை. பூட்ஸ் போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா லாக் புக் எழுதிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரக் கூடாதும்மா. யாரும்மா நீங்க?"

"இங்க முன்ன வேலை பார்த்தேன். இலியாஸ் இல்லையா?"

"பொண்ணு கல்யாணம். ஒரு மாசம் லீவு. நான் இந்த வருஷம்தான் சேர்ந்தேன், இப்ப நான்தான் பார்த்துக்கினு இருக்கேன். என்ன வேணும்?"

எனக்கு ஒரு விஷமம் தோன்றியது. "மணி ஆறாச்சே. கரண்ட் செலவுதானே, அந்த புளோயர நிறுத்தக் கூடாதா?"

பேனாவை மூடிவிட்டு, ஸ்விட்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அது மட்டும் நடக்காதும்மா. வி.சி. எழுதிக் குடுத்தாலும் நிறுத்த மாட்டேன். முன்ன யாரோ ஒரு மேடம் அப்படித்தான் சர்க்குலர் போட்டு தொட்டில இருந்த கிருமிங்க எல்லாத்தையும் சாவடிச்சாங்களாம்."

"அப்படியா?" என்றேன்.

இந்த மாதிரி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: நீங்கள் கொண்டுவந்த மாற்றம் நிலைத்ததா என்று தெரியவேண்டுமானால், உங்களைத் தெரியாத ஒருவரிடம் போய் அதை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா என்னை கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பினார். பஸ் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். ஐயம்பேட்டை வந்ததும் கண்டக்டர் எழுப்பிவிட வேண்டியிருந்தது.