படத்தில் வந்த கை

மாஸ்டரின் விரலில் சோப்புப் போட்டு, கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றியது நான்தான். அவர் கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு ஜாஸ் கலைஞனின் வாழ்க்கையைப் படமாக எடுக்கத் திருவனந்தபுரம் வந்திருந்தார்கள். நடிகருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் முகம் நடிகருடையது, விரல்களைக் கிட்டத்தில் காட்டும்போது கை மாஸ்டருடையது என்று ஏற்பாடு. நான் அந்தப் படத்தில் மேக்கப் உதவியாள்.

நடிகர் நல்ல வெளுப்பு, மாஸ்டர் கறுப்பு. கதையில் அந்தக் கலைஞனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. புறங்கை ரோமத்தை மழித்து, நகம் வெட்டி, மணிக்கட்டுக்கு மேல் வரை நிறம் பூசினேன். மோதிரம் கிடந்த பள்ளத்தை மெழுகால் நிரப்பினேன். "எலேய், இந்தக் கையோட போனா எம் பெஞ்சாதி கதவு தொறக்க மாட்டா, கேட்டோ" என்று மாஸ்டர் சிரித்தார். கேமராக்காரர் இரண்டு பேர் கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பாராட்டு புதிது. கூச்சத்தில் வெளியே போய் நின்றுகொண்டேன்.

படம் வெளிவருவதற்குள் மாஸ்டர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படம் பார்க்க அவர் மலைமேல் வித்துராவிலிருந்து பஸ்ஸில் வந்தார். "அவிய வாசிச்சு நான் ஒருநாளும் கண்டதில்ல தம்பி. அந்த ஹோட்டலுக்குள்ள நம்மள விடுவானா? இதுலயாவது கையைக் கண்டுக்கிடுவேன்" என்றார்.

கை வந்தது. திரை முழுக்க மாஸ்டரின் விரல்கள் சாக்ஸபோன்மேல் ஓடின. அக்கா என் பக்கம் சாய்ந்து, "எப்பம் வரும்?" என்றார். சொல்ல வாயெடுத்தேன். முன்வரிசை ஆள் திரும்பி முறைத்தார், என் நாக்கு அடங்கிவிட்டது. இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அக்கா அடுத்ததுக்காகக் காத்திருந்தார். அந்தக் கைக்கு நான் போட்ட மேக்கப் கொஞ்சம் சொதப்பியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

தம்பானூர் பஸ் நிலையத்தில்தான் எனக்குப் பேச்சு வந்தது. "அக்கா, அது மாஸ்டர் கைதான்."

"ஆறுதல் சொல்லாத தம்பி. முப்பது வருசம் அந்தக் கைக்குச் சோறு போட்டவ நான். எனக்குத் தெரியாதா? அவியள படத்துலயிருந்து வெட்டிட்டானுவ."

மெழுகையும் நிறத்தையும் விளக்கியிருக்கலாம். விளக்கினால், தன் ஆளின் கையைத் தானே அடையாளம் காணவில்லை என்ற எண்ணத்தோடு அவர் அந்த மலைவழி முழுக்கப் போக வேண்டும்.

பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "படத்துல வந்த அந்தக் கொழல் மட்டும் அவியளுக்கதுதான், கேட்டியா. அடியில உள்ள ஒடுக்கு, எங்க வீட்டுப் படியில விழுந்து நசுங்கினது. அதையும் கொண்டுபோய் வேற ஒருத்தன் கையில குடுத்துட்டானுவளே, பாவிப்பயலுவ."

"ஆமாக்கா" என்றேன்.