நிலக்கரிக் கழிவில் வந்த சுண்ணாம்பு

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். நிலக்கரிச் சுரங்கத்தில் கரியோடு சேர்ந்து வெட்டுப்பட்டு, உதவாது என்று ஒதுக்கிக் கொட்டுகிற கறுத்த கல்தான் என் ஆராய்ச்சிப் பொருள். வடக்கே சுரங்கத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் லாரியில் இரண்டு சாக்கு அனுப்பிவைத்தார். “இவ்ளோ பெரிய மலைய வெச்சிக்குனு, கல்லை வெளியூர்லேர்ந்து வரவழைக்கிறாரு பாரு” என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள்.

அந்தக் கழிவில் எவ்வளவு கார்பன் மிச்சமிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதிகம் இருந்தால், குவித்துவைத்த இடத்திலேயே தானாகத் தீப்பிடிக்கும். எரித்து எடை பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கல்லுக்குள் சுண்ணாம்பாக, அதாவது கார்பனேட்டாக இருக்கும் கார்பனும் அந்தச் சூட்டில் கிளம்பிப் போய்விடும். எது கரி, எது சுண்ணாம்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால் இரண்டும் வரைபடத்தில் வேறு வேறு இடங்களில் பள்ளமாக விழும்.

கருவி இருந்தது மெட்ராஸில். மாதத்தில் ஒரு நாள் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். கல்லை இங்கேயே ஒரு சின்னக் கல்வத்தில் மாவாக அரைத்து, பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போடு கலந்து, பாட்டில்களில் அடைத்து பஸ்ஸில் கொண்டுபோவேன். அங்கே அதை அழுத்தி வில்லையாக்கிக் கருவியில் வைப்பார்கள்.

வில்லங்கம் சுண்ணாம்பில் வந்தது. ஒரே கல்லில் ஒரு மாதம் கம்மியாகக் காட்டும், மறுமாதம் ஜாஸ்தியாகக் காட்டும். சந்தேகம் வந்து, கல்லே சேர்க்காமல் வெறும் உப்பை மட்டும் அரைத்து எடுத்துப் போனேன். அதிலும் சுண்ணாம்பு! அதே உப்பை மெட்ராஸில் அங்கிருந்தவர்களே அரைத்தபோது வரைபடம் சுத்தமாக இருந்தது. ஆக, கோளாறு எங்கள் சோதனைக் கூடத்தில்தான்.

எனக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டார். கல்வத்தைக் கழுவுவது எங்கள் அட்டெண்டர். முப்பது வயது இருக்கும், இரண்டு குழந்தைகள். தலைமுறைகளாக இந்த ஊரிலேயே இருக்கும் முஸ்லிம் குடும்பம். ஐந்து வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். எனக்கு அந்த ஒரு துப்பு போதுமாக இருந்தது. “டிஸ்டில்டு வாட்டர் எடுக்கச் சோம்பல்பட்டு கெணத்துத் தண்ணியில கழுவி வெச்சிருக்கே. என் ரெண்டு வருஷ உழைப்பு போச்சு” என்று மாணவர்கள் முன்னால் கத்தினேன். “இல்லைங்க சார், நீங்க சொன்ன தண்ணியிலதான் கழுவுனேன்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த வாரம்தான் அவரை நிரந்தரமாக்கலாமா என்று கல்லூரி முதல்வர் என்னிடம் கருத்து கேட்டிருந்தார். கவனமில்லாதவர், சோதனைக் கூடத்துக்கு ஏற்றவரல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்த முறை யாரையும் நம்பாமல் கல்வத்தை நானே கழுவிக்கொண்டேன். பொடி பறக்காமலிருக்க ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, குனிந்து கல்லை அரைத்தேன். வேர்த்துக் கொட்டியது. புறங்கையால் நெற்றியைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால், கறுப்பு மாவின் மேல் ஒரு வெள்ளைத் துகள். பக்கத்தில் இன்னொன்று. கூரையிலிருந்து வெள்ளையடித்தது உதிர்கிறதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் என் கையைப் பார்த்தேன். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வருவது என் வழக்கம். சாம்பலில் கார்பனேட் இருக்கிறது என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிற ஆள் நான்.

முதலில் சிரிப்பு வந்தது. உடனே முதல்வரிடம் கொடுத்த கடிதம் நினைவுக்கு வந்தது. ஓடினேன். அது தபாலில் மேலிடத்துக்குப் போகாமல் அவர் மேஜையிலேயே இருந்தது. வாங்கிக் கிழித்துவிட்டு, தவறு என்னுடையது என்று வேறு எழுதிக் கொடுத்தேன். “ஒரே வாரத்துல மனுஷன் திருந்திட்டாரா?” என்றார் முதல்வர். திருந்த வேண்டியவன் நான்தான் என்றேன்.

அட்டெண்டர் குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. மாணவர்கள் முன்னால் திட்டியவன் மன்னிப்பை மட்டும் தனியாகத்தான் கேட்டேன். கடிதம் எழுதியதையும் கிழித்ததையும் சொன்னேன். விபூதியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“தெரியுங்க சார். ரெண்டு மாசமா அது கல்வத்துல உழுறதைப் பாத்துனுதான் இருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏம்பா சொல்லலை? உன் வேலையே போயிருக்குமே?”

கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

“நான் எப்படிங்க சார் சொல்றது, நெத்தியைத் தொடைச்சிட்டு வாங்கன்னு?”

அன்று நான் கத்தியபோது அவர் இதைச் சொல்லியிருந்தால், முதல்வருக்கு இன்னும் என்னவெல்லாம் எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.