நிற்காத கால்கள்

சின்ன காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் பாவு நீட்டும் திடலில் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கிய நான் எட்டிப் பார்க்கிறேன். ஐந்து நாளாக இறங்காமல் சைக்கிள் ஓட்டி வித்தை காட்டியவரை நான்கு பேர் தூக்கி இறக்குகிறார்கள். கண் செருகிவிட்டது. கால்கள் மட்டும் அந்தரத்தில் மிதித்துக்கொண்டே இருக்கின்றன.

"டாக்டரைக் கூப்பிடும்மா!" என்கிறேன் அவர் மனைவியிடம்.

"போன ஊர்லயும் இப்டித்தான் சார் மிதிச்சிக்கினு இருந்தாரு. அப்பால நின்னுடும்." அவள் கையில் மண்வெட்டி.

"அது எதுக்கு?"

"சைக்கிள் முடிஞ்சிது. இனிமே குழியில எறக்கி மூடணும். நாளைக்குத்தான் எடுப்போம்."

குழிக்குள் அவரைப் படுக்கவைத்து, மேலே பலகை அடுக்குகிறார்கள். முதல் கூடை மண் விழுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. பலகைக்கு அடியில் அவர் முழங்கால்கள் இடித்துக்கொண்டே இருக்கின்றன, ஒரே சீராக.