சட்டையில் இருந்த உதவி எண்

மறதிநோய் உதவிச் சங்கம் ஒன்றுக்குத் தீபாவளிதோறும் நன்கொடை கொடுத்து வந்தோம். பதிலுக்கு, உதவி எண் அச்சிட்ட டி-சட்டை தருவார்கள். மறதிநோய் உள்ள என் அப்பாவுக்கு அதையே போட்டுவிடுவேன். வழி தவறினாலும் யாராவது அழைப்பார்கள் என்ற நம்பிக்கை.

போன மாதம் எங்கள் ஊரான ஸ்கூடாயில் அப்பா காணாமல் போனார். தேடி அலைந்து, ஓர் உணவுக்கடையில் கண்டுபிடித்தேன்.

"சட்டையில உள்ள நம்பருக்கு எத்தன தடவ அடிச்சேன், யாருமே எடுக்கல லா!" என்றார் கடைக்காரர்.

மறுநாள் சங்கத்துக்கே போனேன். "போன் எடுக்க ஆள் வைக்க பட்ஜெட் இல்லக்கா," என்றார் அலுவலகப் பெண். அவர் பின்னால் புதுச் சட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"இதுக்கு மட்டும் இருக்கா?" என்றேன்.

இப்போது அப்பாவின் சட்டைகளில் என் எண்ணைத் தைத்திருக்கிறேன். யார் நன்கொடை கேட்டாலும், முதலில் அவர்களுடைய உதவி எண்ணுக்கு அடித்துப் பார்க்கிறேன். எடுத்தால்தான் காசு.