மாமா வேலை செய்த கப்பல்

செம்மண்டலத்து வீட்டில் உட்கார்ந்து கடற்போர்களைப் பற்றிய என் இரண்டாவது புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் வேலை. அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. எழுத்து நின்றுவிட்டது.

புவனகிரி மாமா, அம்மாவின் அண்ணன். உலகப்போர் சமயத்தில் ஒரு சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். சிதம்பரம் ஸ்டேஷனில் எஞ்சின் கூவினால், அந்தக் கரிப்புகையின் நடுவே, காதைப் பொத்திக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அவர் வேட்டியில் எப்போதும் மூக்குப்பொடி வாசம் அடிக்கும். ஒன்பது வயதில் எனக்கு அவர் அப்படி உட்காருவது வேடிக்கை. ஒருநாள் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத மாப்ள. எங்க கப்பல் முழுகறப்ப இப்படித்தான் விடாம ஊதுச்சு. கீழ இருந்தவங்க..."

நான் அவர் காதருகே வாயைக் குவித்துக் 'கூ' என்றேன். மாமா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். அதன்பிறகு சாகும்வரை கப்பலைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

இப்போது ஆவணக் காப்பகங்களில் தேடித் தேடி அலுத்துவிட்டேன். கப்பலின் பெயரே தெரியாமல் எதைத் தேடுவது? கிடைக்கிற பட்டியல்களில் கேப்டன்கள் இருக்கிறார்கள். கரி அள்ளியவர்கள் வெறும் எண்ணிக்கைதான்.

"தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்களேன்," என்றாள் மனைவி.

"ஆதாரம் இல்லாம எப்படி எழுதறது?" எரிந்து விழுந்தேன்.

"அவரு வாயால உங்ககிட்ட சொன்னாரே, அது ஆதாரம் இல்லையா?"

"சொல்ல வந்தாரு. நான்தான் சொல்ல விடல."