சொக்கப்பனைக் கரி

காய்ந்த பனையோலை தீப்பிடிக்கும்போது முதலில் சடசடவென்று சத்தம் வரும், அப்புறம் வெக்கை முகத்தில் அடிக்கும், அதற்கும் பிறகு, அடுக்களைகளில் வேகிற திரளி இலைக் கொழுக்கட்டையின் மணத்தையெல்லாம் மூடிக்கொண்டு, கரிப்புகை தெரு முழுக்க வந்து நிற்கும். கார்த்திகை அன்று எங்கள் கோயில் வாசலில் ஒரு முழுப் பனந்தடியை நட்டு, ஓலையைச் சுற்றிக் கட்டிக் கொளுத்துவார்கள், அதுதான் 'சொக்கப்பனை'. தீ அடங்கியதும் கருகிய துண்டுகளைப் பொறுக்குவதற்குப் பெரிய தள்ளுமுள்ளு நடக்கும். அந்தக் 'கரிக்கொள்ளி'யை வாழைத்தோட்டத்தில் ஊன்றினால் பூச்சி அண்டாது என்பது என் அப்பாவின் நம்பிக்கை, ஆகவே பொறுக்கும் வேலை என் தலையில்.

என்னோடு பொறுக்க வந்தவள் ஷீபா. இரண்டு வீடு தள்ளி இருந்த கிறிஸ்தவ சபை உபதேசியாரின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. ஊன்றுவதற்கு அவர்களுக்குத் தோட்டமும் கிடையாது, கோயில் பக்கம் வர அனுமதியும் கிடையாது. ஆனாலும் ஓர் ஆண்டு என்னை முந்திக்கொண்டு ஓடி, பாவாடையில் பொதிந்து ஒரு துண்டை எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். எதற்கடி என்று கேட்டால், "சும்மா, எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கக் கட்டிலை இழுத்தபோது அது அகப்பட்டுவிட்டது. உபதேசியார் மாமா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பிலேயே துண்டைச் சொருகிவிட்டார். தேம்பித் தேம்பி அழுதவளிடம், "வெறகுதானே பிள்ளே, இதுக்குப் போயி எதுக்குக் கரையுத?" என்று மட்டும் சொன்னார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருட முந்திரிக்கொத்தில் ஒன்றைக்கூட ஷீபா தொடவில்லை.

இன்று அவள் ஸ்காட்லாந்தில் நர்ஸ். சில ஆண்டுகளுக்கு முன் 'விக்கா' என்றொரு வழியில் சேர்ந்தாள். மரத்தையும் நிலவையும் பருவங்களையும் வணங்குகிறவர்கள். டிசம்பரில் ஆண்டின் மிக நீண்ட இரவைக் கழித்து, சூரியன் திரும்புவதைக் கொண்டாடுகிறார்கள். ஒளிக்காமல் அப்பாவிடம் போனில் சொன்னாள். உபதேசியாரின் மகள் மந்திரவாதியாகிவிட்டாள் என்று ஊர் பேசிற்று. அவர் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். அதிலிருந்து அவளுடைய போன் எனக்குத்தான் வருகிறது, முதல் கேள்வி எப்போதும் "அப்பா எப்பிடி இருக்காவ?" என்பதுதான். நானும் சாப்பிட்டார், நடந்தார், இருமுகிறார் என்று ஒப்பிப்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

இதில் அவளுக்கு டிசம்பர் பரிசு வேறு அனுப்ப வேண்டும். சூரியன் எங்கேயும் போகாத ஊரில் இருந்துகொண்டு, சூரியன் திரும்பி வருவதற்கு என்ன வாங்குவது? மெழுகுவர்த்தி அங்கேயே மலிந்து கிடக்கிறது. முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சங்கு ஓர் ஆண்டு, சாம்பிராணி ஓர் ஆண்டு, காயவைத்த திரளி இலை ஓர் ஆண்டு என்று அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வாள், குரலில் மட்டும் உயிர் இருக்காது.

இந்த ஆண்டு அவளே கேட்டாள். "இங்க சாயங்காலம்னு ஒண்ணே கிடையாதுட்டி, மத்தியானம் முடிஞ்சா ராத்திரிதான். வேற ஒண்ணும் வேண்டாம், சொக்கப்பனைக் கரி ஒரு துண்டு அனுப்பு. இந்த விக்காக்காரங்களும் போன வருசம் எரிச்ச கட்டையில ஒரு கரித்துண்ட எடுத்து வச்சுத்தான் இந்த வருசக் கட்டையக் கொளுத்துவாங்க. நாம சின்னதுல பொறுக்குனதுதானே?" சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், முடிக்கும்போது அழுதாள்.

கார்த்திகை அன்று கோயிலுக்குப் போனேன். பனந்தடிக்குப் பதில் ஓர் இரும்புக் குழாய் நின்றது. பனை கிடைப்பதில்லையாம், இது வருடா வருடம் உதவுமாம். சுற்றிய ஓலை எரிந்து முடிந்ததும் குழாய் அப்படியே நின்றது, சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். கரி என்று கையில் எடுக்க ஒரு துணுக்கு இல்லை. திரும்பி வரும்போது உபதேசியார் மாமா தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"என்ன பிள்ளே, மொகம் வாடிக் கிடக்கு?"

மறைத்துப் பேசத் தெம்பில்லை. ஷீபா கேட்டதையும், குழாய் நிற்பதையும், அவள் அழுததையும் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தார். கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொதி. உள்ளே பனைமட்டைத் துண்டு ஒன்று, ஒரு நுனி கருகி.

"பனைதான். அடுப்புல வச்சு எடுத்தேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "வெறகுதானே. அனுப்பு."

அவர் வீட்டில் சமையல் கேஸில் நடக்கத் தொடங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. முந்திரிக்கொத்து பொரித்த அந்த விறகடுப்பின்மேல் பழைய சாமான்கள் அடுக்கிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் இறக்கிவைத்து மூட்டியிருக்கிறார். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன. புகையில்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் பனை இல்லை, சண்டை போட்டுக் கரி பொறுக்கப் பிள்ளைகளும் இல்லை. கூரியர் கடையில் இருந்த பெண், பொதிக்குள் என்ன என்று கேட்டாள். விறகு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அனுப்புகிறவர் பெயர் கேட்டாள். ஒவ்வொரு ஆண்டும் என் பெயரைத்தான் சொல்வேன். இந்த முறை அவருடைய பெயரைச் சொன்னேன்.