அரைவேக்காட்டுக் கல்

“தண்ணி ஊத்துனா கல்லு கொதிக்கலியாம். சுட்ட கல்ல வித்துட்டு, பச்சக் கல்ல நீ கொட்டி வச்சிருக்கன்னு சொல்றாரு” என்றார் மொழிபெயர்ப்பாளர் யாக்கோபு. பக்கத்தில் ஜப்பான் ஆபீசர் முறைத்துக்கொண்டு நின்றார்.

லாயாங்-லாயாங் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த சுண்ணாம்புச் சூளையில் தீ போடுவது என் வேலை. ஜப்பான்காரன் காலத்தில் திருட்டுப்பட்டம் விழுந்தால் சயாம் ரயில் வேலைக்கு லாரி ஏற்றிவிடுவார்கள். தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போன எவனும் திரும்பவில்லை. யாக்கோபுதான் ஆள் காட்டுகிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. எனக்கும் அவர்மேல் துளி நம்பிக்கை கிடையாது.

“அண்ணே, இது டோலமைட்டு. சுட்டாச்சு, ஆனா சூடு பத்தல. காட்டுறேன்னு சொல்லுங்க.”

தோட்டத்தில் ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டை விட்டுத்தான் வந்திறங்கும் கல்லை எப்போதும் பார்ப்போம். டோலமைட் என்பது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்; சுடாமல் பச்சையாக இருந்தால் சோம்பேறித்தனமாக இரண்டு குமிழி விடும். சூடு ஏறினால் அதிலிருக்கும் மக்னீசியப் பகுதிதான் முதலில் வாயுவை விட்டுப் பிரியும். சுண்ணாம்புப் பகுதி சுடாத சுண்ணாம்புக்கல்லாகவே நிற்கும். ஆசிட் பட்டால் பொங்கும். இன்னும் சூடு கொடுத்தால்தான் அதுவும் சுட்ட சுண்ணாம்பாகித் தண்ணீரில் கொதிக்கும்.

இரண்டு கல்லிலும் ஆசிட் விட்டேன். பச்சைக் கல் இரண்டு குமிழி விட்டுச் சும்மா கிடந்தது. சூளைக் கல் புஸ்ஸென்று நுரைத்தது. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆபீசர் ஏதோ கத்தினார்.

“அப்ப தீயக் கொறச்சது யாருங்கிறாரு. வேணும்னே கெடுத்தியாங்கிறாரு.”

அலமாக், இது வேறு வம்பு! “வெறகுக்கு அவரு குடுத்த ரப்பர் மரம் பூரா ஈரம்ணே!”

யாக்கோபு என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஜப்பான் மொழியில் நீளமாகப் பேசினார். பாவி, என்னை மாட்டிவிடுகிறான் என்றே நினைத்தேன். ஆபீசர் பளாரென்று அறைந்தது யாக்கோபை.

ஆபீசர் போனதும், “என்னாண்ணே சொன்னீங்க?” என்றேன்.

“‘உங்க வெறகுதான் ஈரம்’னு அவன்கிட்ட சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேரையும் வெட்டிருப்பான். பச்ச மரத்த நான்தான் அனுப்பச் சொன்னேன்னுட்டேன். ஒரு அறையோட போயிரும் லா. அவனுக்குப் பாஷ பேச நான் வேணும்ல.”

அவர் கணக்குத் தப்பிவிட்டது. மறுநாள் காலையில் லாரி வந்தது, அவருக்குத்தான்.

சூளை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீரில் கொதிக்கவில்லை என்று கல்லின் மேல் பழி போடாதீர்கள். சூடு போதுமான அளவு ஏறியதா, விறகு காய்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

லாரி கிளம்பியதும், “ஆள்காட்டி ஒழிஞ்சான்” என்று லயத்தில் சிரித்தார்கள்.

“வாய மூடுங்கடா,” என்றேன். “அது எனக்கு வந்த லாரிடா.”